எனக்குப் பங்கு இல்லாத முக்கால் ஏக்கர்

மகனே,

நல்லாயிருக்கிறாயா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. நேற்று சாயங்காலம்தான் போனில் பேசினோம். உனக்கு இருமல் இருக்கிறது, பாப்பாவுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, மே தினத்துக்கு ஊருக்கு வர மருமகள் லீவு கேட்டிருக்கிறாள், எல்லாம் எனக்குத் தெரியும். போனில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல மூன்று தடவை வாயெடுத்தேன், மூன்று தடவையும் "சாப்ட்டியா" என்றுதான் வந்தது. அதனால் எழுதுகிறேன். பாப்பா போன லீவில் விட்டுவிட்டுப் போன கோடு போட்ட நோட்டில் நாலு நாளாக எழுதுகிறேன். பிழை இருக்கும், சிரிக்காமல் படி. அந்தக் காலத்தில் உனக்குக் கடிதம் போட வேண்டுமென்றால் நான் சொல்லச்சொல்ல உன் சித்திதான் எழுதுவாள். இந்தக் கடிதத்தை மட்டும் அவளை வைத்து எழுத முடியாது.

நீ வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போகிறாய். ரோட்டோர நிலத்தில் நமக்குள்ள பாதியைப் பள்ளிக்கூடத்துக்கு விட்டுக்கொடுக்கலாம் என்று நான்தான் போன வாரம் உன்னிடம் சொன்னேன். "அம்மா, நீ பெரிய மனுஷிம்மா" என்றாய். நான் அப்படி இல்லை. இதைக் கடைசி வரைக்கும் படிக்காமல் எந்தக் காகிதத்திலும் பேனாவை வைக்காதே.

நீ ஊரில் இல்லாதபோது நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பொங்கல் முடிந்த ஞாயிறு, பூசை முடிந்ததும் ஃபாதர் பீடத்தை விட்டு இறங்கி வந்து நம் ஜனங்களுக்கு நடுவில் நின்றார். சிஸ்டர்மார் நம் ஊரில் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடம் திறக்கப்போகிறார்கள், அஞ்சாவது வரைக்கும், எல்லா மதத்துப் பிள்ளைகளும் படிக்கலாம் என்றார். ரோட்டோர முக்கால் ஏக்கரை ஆரோக்கியம் இனாமாகக் கொடுக்கிறாள் என்றும் சொன்னார். உன் சித்தியை எழுந்து நிற்கச் சொன்னார். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவள், "வாசல்ல கல்வெட்டு வெக்கப் போறாங்களாம், ஒன் ஓரகத்தி பேரு அதுல வருமாம்" என்றாள். நானும் கை தட்டினேன் மகனே. என் கை எனக்கே சத்தம் கேட்காத மாதிரி தட்டியது. வீட்டுக்கு வந்து, காய வைத்திருந்த மக்காச்சோளத்தைக் காலாலேயே தள்ளிவிட்டேன்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. கொழுந்தன் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. அந்த நிலம் நாளைக்கு உனக்கு வர வேண்டியது, அதனால்தான் எனக்கு வயிற்றெரிச்சல் என்று ஊரில் பேசினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், நிலம் என் மனசிலேயே இல்லை. கல்வெட்டுதான் இருந்தது. கல்லில் வெட்டிய பேரை மழை அழிக்காது. நான் செத்த பிறகும் உன் பேரப்பிள்ளைகள் அந்த வாசலில் நின்று அவள் பேரைப் படிப்பார்கள்.

குடியரசு தினத்தன்று கிராம சபை கூடியது. கவர்மெண்டு பள்ளிக்கூடத்து முன்னால் ஷாமியானா போட்டிருந்தார்கள். சிஸ்டர்மார் பள்ளிக்கூடம் வரலாமா கூடாதா என்று தீர்மானம் போட வேண்டும் என்று தலைவர் சொன்னதுதான் தாமதம், ஆளாளுக்கு எழுந்தார்கள். பெரிய டீச்சர் கும்பிட்டுவிட்டுப் பேசினார். "எங்ககிட்ட இப்ப இருபத்திரண்டு பிள்ளைங்க. அதுல பாதி ரோட்டுப் பக்கம் போயிட்டா ஒரு டீச்சர எடுத்துடுவாங்க. அப்புறம் இன்னொருத்தர. கடைசியில பூட்டுதான்" என்றார். கிழக்குத் தெருக்காரர் ஒருவர், "அதெல்லாம் கெடக்கட்டும், சாமியாரு ஸ்கூலு வந்தா நம்ம பசங்களுக்கு அவுங்க மந்திரத்த சொல்லிக் குடுத்துருவாங்க. நாளைக்கி மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக்குப் பொட்டு வெக்க மாட்டேன்னுவானுங்க" என்றார். கோவிந்தம்மாள் சும்மா இருப்பாளா? "ஒம் மவன் இப்ப மட்டும் இன்னா பொட்டு வெச்சிக்கினு இருக்கறான்? செல்போன நோண்டிக்கினுதான இருக்கறான். மந்திரம் சொன்னா சொல்லிட்டுப் போவட்டும், எம் பேரனுக்கு இங்கிலீசு வந்தா போதும். காலையில ஏழு மணிக்கு வேன்ல ஏத்தி சின்னசேலம் அனுப்பறேன், அங்க போய்ச் சேர்றதுக்குள்ள வாந்தி எடுத்து சட்டைய நனச்சிக்கினு நிக்கிது" என்றாள். சபையே சிரித்தது.

அப்போது நான் எழுந்தேன். முதலில் நான் பேசியது பொய் இல்லை. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். "கல்வராயன் மலையிலேருந்து எறங்கி வர்ற புள்ளைங்க ஏழு பேரு இந்தக் கவர்மெண்டு ஸ்கூல்ல படிக்கிது. இத மூடிட்டா அதுங்க எங்க போவும்? சிஸ்டருங்க பீஸு வாங்காம சேப்பாங்களா?" என்று கேட்டேன். நல்ல கேள்விதானே. பெரிய டீச்சர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். உடனே பின்னால் நின்றிருந்த ஒரு வாலிபன், "ஆயா, ஒம் பேத்தி ஓசூர்ல எங்க படிக்குது? சிஸ்டருங்க ஸ்கூல்லதான?" என்றான். "அது ஓசூருடா. அங்க அதான் வூட்டுக்குக் கிட்ட" என்றேன். "இங்கியும் கிட்ட வரட்டுமே ஆயா" என்றான். மறுபடியும் சபை சிரித்தது. சிரித்தவர்களில் ஆரோக்கியமும் இருந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். அதைப் பார்த்தேன். அவ்வளவுதான்.

"அந்த நெலத்த அவ எப்டிக் குடுப்பா?" என்றேன். "பாகம் பிரிச்ச அன்னிக்கி எங்க மாமனாரு இன்னா சொன்னாரு? ரோட்டோர முக்கா ஏக்கரு ரெண்டு பேருக்கும் பொது, ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தரு விக்கவும் கூடாது குடுக்கவும் கூடாதுன்னாரு. மூணு கல்லு நட்டாரு. நாந்தான் கூட நின்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. இல்லை என்று சொல்ல உன் அப்பாவும் சித்தப்பாவும் இப்போது உயிரோடு இல்லை. என் வாய்க்கு இந்த ஊரில் என்ன மதிப்பு என்று உனக்குத் தெரியும். யார் எந்த மழையில் பிறந்தான், எந்தக் கிணற்றுக்கு யாருக்கு எத்தனை நாள் தண்ணீர் முறை, எந்த வரப்பு எங்கே இருந்தது, எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வருவார்கள். வடக்குக் கொல்லைத் தகராறில் நுணா மரத்தடியில் தோண்டச் சொன்னேனே, இரண்டு முழத்தில் கல் கிடைத்ததே, நீ அப்போது ஊரில் இருந்தாய். அப்படிப்பட்ட வாய். வி.ஏ.ஓ. காகிதத்தைப் புரட்டிப் பார்த்து, "பட்டா இன்னும் பெரியவர் பேர்லதான் இருக்குது. பாகத்த யாரும் பதிவு பண்ணல. ஆயா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். எல்லோரும் ஆரோக்கியத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்து, "அக்கா சொன்னா செரி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். தீர்மானம் மே தின கிராம சபைக்குத் தள்ளிப்போனது. அன்று நீ போன் பண்ணி, "நெஜமாவாம்மா? தாத்தா அப்டியா சொன்னாரு?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். நீ மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் வயிற்றில் பிறந்தவனும் என் ஞாபகத்தை நம்பினான்.

உன் தாத்தா அப்படிச் சொல்லவில்லை மகனே. அவர் சொன்னது வேறு. அது எனக்கு ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது, அதுதான் என் சாபம். பாகம் பிரித்த அன்று அவர் உன் அப்பாவையும் சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனபோது என்னையும் கூப்பிட்டார். எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். இரண்டாவதோடு படிப்பை விட்டவள் நான். ஒவ்வொரு கல் நட்டதும் என்னைத் திரும்பச் சொல்லச் சொன்னார். கல்லுக்குக் கிழக்கே எத்தனை அடியில் பனை, மேற்கே எது, என்று நான் ஒப்பித்தேன். "காயிதத்த கரையான் அரிக்கும், இவ மண்டைய அரிக்காது" என்று சிரித்தார். என் உச்சி குளிர்ந்தது. கடைசியில் ரோட்டோரத்துக்கு வந்தோம். அப்போது அது வண்டிப் பாதை, ரோடு வரப்போகிறது என்று மட்டும் பேச்சு. அங்கே நின்று, "இது சின்னவனுக்கு. அந்தப் பொண்ணு எட்டாவது படிச்சிருக்குது. நாளைக்கி ரோடு வந்தா அது மேல எதனா ஒண்ணு நடத்தும்" என்றார். கல்யாணமாகி எட்டு மாசம்கூட ஆகாதவளுக்கு. அந்தக் கல்லையும் என்னையே ஒப்பிக்கச் சொன்னார். ஒப்பித்தேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது. உனக்கு எழுத்தை அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். தெரியும்தானே? இரண்டு வீட்டுக்கும் நடுவில் சுவர் கிடையாது அப்போது. நீ அவள் மடியில் உட்கார்ந்து அ, ஆ என்று கத்துவாய், நான் இந்தப் பக்கம் அடுப்பு ஊதிக்கொண்டு கேட்பேன். ஒருநாள் என்னிடம் ஓடி வந்து சிலேட்டைக் காட்டி, "இது இன்னா எழுத்தும்மா?" என்றாய். எனக்குத் தெரிந்த எழுத்துதான். அந்த நேரத்துக்கு வரவில்லை. "சித்தி கிட்டயே போய்க் கேளு" என்று உன் முதுகில் வைத்தேன் ஒன்று. அந்த அடி உனக்கு எதற்கு விழுந்தது என்று உனக்குத் தெரிந்திருக்காது. இப்போது தெரிந்துகொள். நடுச்சுவர் எழுப்ப வேண்டும் என்று உன் அப்பாவைப் பிடுங்கியெடுத்ததும் நான்தான். மாடு அந்தப் பக்கம் போகிறது என்று காரணம் சொன்னேன். போனது மாடு இல்லை, நீ.

பிறகு உன்னைக் கள்ளக்குறிச்சி ஹாஸ்டலில் ஆறாவது சேர்த்தோம். நீ இன்லாண்டு லெட்டர் போடுவாய். அதை அவள் சுவரோரம் நின்று படிப்பாள், நான் கேட்பேன். ஒரு தடவை கேட்டால் எனக்குப் போதும். "அம்மா, சாப்புட உக்காந்தா உன் கை கருவாட்டுக் கொழம்பு நெனப்பு வருது. படுத்தா உன் மொகம் தெரியுது. அழுவாம இருக்கறேன், நீயும் அழாத." இதை நான் நாற்று நடும்போது சொல்லிப் பார்த்துக்கொள்வேன். களை எடுக்கும்போது சொல்லிப் பார்த்துக்கொள்வேன். ஜெபமாலை உருட்டும்போதுகூட இது குறுக்கே வரும்.

அப்புறம் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு நம் கவர்மெண்டு பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் நடந்தது. நான் எதற்குப் போனேன் என்று நினைக்கிறாய்? உன் கடிதத்தை அவள் வாயால் கேட்கக் கூடாது என்றுதான் போனேன். ஒண்ணாவது பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து ஒரு வருஷம் படித்தேன். கூட வந்தவர்கள் பாதியில் நின்றுவிட்டார்கள். எனக்குப் பொறாமை இருந்தது, அதனால் நிற்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்க வந்ததும் பெட்டியைத் திறந்து உன் பழைய கடிதங்களை எடுத்தேன். பதினொன்று இருந்தது. விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். "சித்திக்கு, நலம். காம்பஸ் பாக்ஸ் வேண்டும். சட்டை கிழிந்துவிட்டது. அம்மாவிடம் சொல்லவும்." கருவாட்டுக் குழம்பு இல்லை. என் முகம் இல்லை. அழுகை இல்லை. பதினொன்றிலும் தேடினேன் மகனே. அதெல்லாம் அவளாகச் சேர்த்துப் படித்தது.

உன்னைக் குறை சொல்லவில்லை. பதினோரு வயசுப் பையன் காம்பஸ் பாக்ஸைப் பற்றித்தான் எழுதுவான். அவள் நல்ல மனசோடு செய்தாள் என்று நீ சொல்வாய், எனக்கும் அது தெரியும். தெரிந்தும் அவளை நான் மன்னிக்கவில்லை. இன்றைக்கும் மன்னிக்கவில்லை. என் மகன் என் மேல் வைத்த பாசம் என்று நான் நெஞ்சில் வைத்திருந்தது அவள் போட்ட பிச்சை என்றால் அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? இத்தனை வருஷமாக யாரிடமும் இதைச் சொன்னதில்லை. உன் அப்பாவிடம்கூட.

சபையில் பொய் சொன்ன பிறகு தவக்காலம் வந்தது. ஈஸ்டர் பாஸ்காவுக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் பண்ண வேண்டுமே, யாரிடம் பண்ணுவது? பள்ளிக்கூடம் கட்டத் துடித்துக்கொண்டிருக்கிற அதே ஃபாதர்தான் அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார். நான் முட்டி போட்டு, "சாமி, உங்க நெலத்தக் கெடுத்தது என் வாய்" என்று சொன்னால், பாவத்தை மன்னித்துவிட்டு வெளியே வந்து என் முகத்தை எப்படிப் பார்ப்பார்? சின்னசேலத்துக்குப் பஸ் ஏறினேன், வேறு கோயில் பங்கில் வேறு சாமியிடம் சொல்லலாம் என்று. வரிசையில் எனக்கு முன்னால் நாலு பேர் இருக்கும்போது எழுந்து வந்துவிட்டேன். பாவத்தைச் சொல்லாததால் இந்த வருஷம் பாஸ்கா பூசையில் நான் நன்மை அப்பம் வாங்கவில்லை. வாங்காததை ஆரோக்கியம் கவனித்துவிட்டாள்.

அடுத்த வாரம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "அக்கா, கொஞ்சம் இப்டி வாயேன்" என்று கூப்பிட்டாள். போனேன். விதைக்கடலைக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். என் முன்னாலும் ஒரு முறம் தள்ளினாள். நானும் உட்கார்ந்து உரித்தேன்.

"ஃபாதரு வேற எடம் பாக்கறாராம். ரிஷிவந்தியம் பக்கம் யாரோ தரேன்னாங்களாம்" என்றாள்.

"போவட்டும்."

"போவணும்னுதான நீ சொன்னது."

"இன்னா சொன்னேன்? மாமா சொன்னதச் சொன்னேன்."

அவள் கை நிற்கவில்லை. "மாமா மூணாங்கல்லு நட்டப்போ சொம்புல தண்ணி வெச்சிக்கினு பின்னாடி நின்னது யாரு? நாந்தான். ஒனக்கு மட்டுந்தான் காது இருக்குதா?"

எனக்கு அது மறக்கவில்லை. அவள் நின்றதும், சொம்பு பித்தளைச் சொம்பு என்பதும், எல்லாம் தெரியும். அவள் கேட்டிருக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அதுதான் என் தப்பு. "அப்ப ஏன்டி சபையில வாயத் தொறக்கல?" என்றேன்.

"தொறந்தா நீ பொய்க்காரின்னு ஆயிடும். ஆயிட்டா எனக்கு இன்னா? இந்த ஒரு நெலத்தோட நிக்காதே அது. தெக்கால வரப்பு, கோவிந்தம்மா வூட்டு நடபாதை, எங் கெணத்துத் தண்ணி மொறை, எல்லாம் ஒன் வாயிலதான் நிக்கிது. அன்னிக்கே பொய் சொன்னவதானன்னு ஆளாளுக்குக் கடப்பாறைய எடுத்துக்கினு கெளம்பிடுவானுங்க. ஒன் மானம் போனா போவட்டும்கா. எங் கெணத்து மொறை போயிடக் கூடாது பாரு."

அவள் என் மேல் இரக்கப்பட்டிருந்தால் அங்கேயே முறத்தைக் கவிழ்த்திருப்பேன். இப்படிச் சொன்னதால் உட்கார்ந்திருந்தேன். என் முறத்தில் இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டு, "ஓசூர்லேருந்து தம்பிய வரச் சொல்லு" என்றாள். "எங்க பாதிய வுட்டுக் குடுக்கறோம்னு ஒரு கையெழுத்து போடட்டும். ஒன் வார்த்தையும் நிக்கும், ஸ்கூலும் வரும். கல்வெட்டுல ரெண்டு பேரு பேரும் போடச் சொல்றேன். ஒன் பேரு மேல, எம் பேரு கீழ. மூத்தவ நீதான."

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். யோசிக்கவே இல்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் உனக்குத்தான் போன் போட்டேன். மூன்று நாள் நான் எப்படி இருந்தேன் என்று சொன்னால் உனக்கு வெட்கமாக இருக்கும். என் பேர், கல்லில், அவள் பேருக்கு மேலே. பிஷப் வந்து கல்வெட்டின் துணியை விலக்குகிறார், நீ நிற்கிறாய், பாப்பா சத்தமாகப் படிக்கிறாள். அதற்கு எந்தப் புடவை கட்டுவது என்றுகூட எடுத்து வைத்துவிட்டேன்.

நாலாம் நாள் காலையில் குடத்தோடு குழாயடிக்குப் போனேன். நான் வருவதை ஆரோக்கியம் பார்க்கவில்லை. கோவிந்தம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "எங்க அக்காவுக்கு எவ்ளோ பெரிய மனசு தெரியுமா? ராத்திரியெல்லாம் அழுதுச்சாம். புள்ளைங்க படிக்கட்டும், எனக்கு எதுக்கு நெலம்னு மவன்கிட்ட சொல்லிச்சாம்." நான் அழவும் இல்லை, உன்னிடம் அப்படிச் சொல்லவும் இல்லை. அந்தக் குரல் எனக்குத் தெரியும். கருவாட்டுக் குழம்பைப் படித்த குரல் அது. உன் கடிதத்தில் இல்லாததைச் சேர்த்துப் படித்த மாதிரியே, இப்போது என்னிடம் இல்லாத மனசைச் சேர்த்து ஊருக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். அந்தக் கல்வெட்டில் என் பேர் மேலே இருந்தாலும் அதைப் போட்டவள் அவள். நான் செத்த பிறகும் அவள் தயவில் அந்தக் கல்லில் நிற்க வேண்டும். குடத்தை நிரப்பாமலே வந்துவிட்டேன். அன்று நோட்டை எடுத்தேன்.

ஒன்று உனக்குச் சொல்ல வேண்டும், இதற்கெல்லாம் நடுவில். உன் சகலை புதுக் கார் வாங்கியதைப் பற்றி நீ போனில் சொல்லும்போது உன் குரல் மாறுகிறது. "நல்லாருக்கட்டும்மா" என்கிறாய், ஆனால் அந்த வண்டியில் என்னென்ன கோளாறு என்று அடுத்த மூச்சில் சொல்கிறாய். எனக்கு அது கேட்கிறது. அது உனக்கு உன் அப்பாவிடமிருந்து வரவில்லை. அந்த மனுஷனுக்குப் பக்கத்து இலையில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. என்னிடமிருந்துதான் வந்தது. அதை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அந்தப் பொறாமையால்தான் நான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன், நல்லதும் செய்யும் அது. ஆனால் நாலு பேர் முன்னால் அது எழுந்து நின்று பேச வருகிறது பார், அப்போது நீ உட்கார்ந்துவிடு. எனக்கு இதைச் சொல்லித்தர ஆள் இல்லை.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. அதில் போட்டால் நமக்குப் பங்கு இருந்தது என்று ஆகிவிடும். பாகம் அன்றைக்கே முடிந்துவிட்டது, அந்த முக்கால் ஏக்கர் சித்தப்பாவுக்கு வந்தது, எங்களுக்கு அதில் ஒருநாளும் பங்கு இல்லை என்று வேறொரு காகிதம் எழுதச் சொல். அதில் போடு. நான் பெருவிரல் வைக்க மாட்டேன், முழுப் பேரையும் எழுதுவேன்.

மே தினத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடு. ஊரில் எனக்குத் தெரிந்த கல், வரப்பு, பாதை, தண்ணீர் முறை எல்லாவற்றையும் நான் சொல்லச்சொல்ல நீ எழுது. வி.ஏ.ஓ.விடம் ஒன்று கொடுப்போம், சம்பந்தப்பட்டவர்களைக் கூப்பிட்டு அவரவர் ஒப்புக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குவோம். அது முடிந்த பிறகு சபையில் நான் எழுந்து சொல்லிக்கொள்கிறேன். கடப்பாறையை எடுக்கிறவன் எடுக்கட்டும் அப்புறம்.

வயசாகிவிட்டது, ஞாபகம் பிசகிவிட்டது என்று சொல்லித் தப்பிக்கலாமே என்று உனக்குத் தோன்றும். மருமகளும் அதையே சொல்வாள், அவள் நல்லவள். எனக்கும் தோன்றியது. முடியாது. என்னைப் பொய்க்காரி என்று சொல்லட்டும், வாங்கிக்கொள்கிறேன். மறதிக்காரி என்று ஒருத்தன் சொல்லக் கூடாது. என் மாமனார் சொன்னது இதுதான், நான் பொறாமையில் மாற்றிச் சொன்னேன் என்று நின்றுகொண்டே சொல்வேன். அவள் எட்டாவது படித்தவள் என்று அவர் சொன்னதையும் சேர்த்தே சொல்வேன். அவள் பேர் மட்டும் கல்லில் இருக்கட்டும். அவள் நிலம்.

அதைச் சொல்லி முடித்து உட்கார்ந்த பிறகு தலைவர் தீர்மானத்தைக் கேட்பார். பள்ளிக்கூடம் வேண்டும் என்பவர்கள் கை தூக்கச் சொல்வார், வேண்டாம் என்பவர்களையும் சொல்வார். நான் வேண்டாம் என்றுதான் தூக்குவேன். அது பொய் இல்லை. மலையிலிருந்து இறங்கி வரும் அந்த ஏழு பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று இன்னும் யாரும் எனக்குப் பதில் சொல்லவில்லை. முழங்கால் இடித்த அந்த பெஞ்சில்தான் நான் படித்தேன், அதற்குப் பூட்டுப் போட என் கை துணை போகாது. இதிலும் பொறாமை கொஞ்சம் கலந்திருக்கும். எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

உன் ஓட்டு இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறது. உனக்கு எது சரி என்று படுகிறதோ அதற்குத் தூக்கு, எனக்காகப் பார்க்காதே. ஒன்றுதான் கேட்கிறேன். உன் சித்தி பக்கம் தூக்குவதாக இருந்தால், அவளைப் பார்த்துத் தூக்காதே. என்னைப் பார்த்துக்கொண்டே தூக்கு.

உன் அம்மா